நீங்கள் பாதியில் விட்ட பலகை

என்னங்க, இரண்டு தரம் தலைக்கு ஊற்றியும் பலாமரத்தூள் வாசனை முடியைவிட்டுப் போகவில்லை. உங்கள் சட்டையெல்லாம் இதே வாசனைதான் அடிக்கும். எவ்வளவு திட்டியிருப்பேன்!

காடாம்புலியூரில் என் அப்பா வெட்டிய பலாமரத்திலிருந்து அந்தப் பலகையைச் சாப்பாட்டு மேசைக்கென்று கொண்டுவந்தீர்கள். காய்ந்ததும் முறுக்கிக்கொண்டது. இழைத்து மட்டமாக்கக் கேட்டதற்கு மரக்கடைக்காரர், "இவ்ளோ அகலம் பிளேனர்ல போவாதுங்க, ரெண்டா பொளந்துடலாம்" என்றார். "மாமனார் வூட்டு மரத்தப் பொளக்கவா இம்மாந்தூரம் தூக்கிகினு வந்தேன்?" என்று உங்களுக்கு வந்ததே கோபம்! குவார்ட்டர்ஸ் பின்புறத்தில் பலகைக்கு இருபக்கமும் இரும்புக் குழாயை ஒரே மட்டமாகப் பதித்து, அதன்மேல் நகரும் சட்டத்தில் மரம் சீவும் ரவுட்டர் மெஷினை உட்கார வைத்தீர்கள். பலகை எப்படி நெளிந்திருந்தாலும் அதில் சுழலும் பிட் கத்தி ஒரே மட்டத்தில்தானே சீவும். நீங்கள் தள்ள, எதிர்ப்பக்கம் நான் பிடிப்பேன். கடைசிச் சீவலில் பாதி தாண்டியபோது, "ஷிப்டுக்கு நேரமாவுது, எதையும் அசைக்காத, வந்து முடிச்சிக்கலாம்" என்று கிளம்பினீர்கள். மைன்ஸிலிருந்து உங்களை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு நீங்கள் நடந்து வரவில்லை.

நீங்கள் போய்ச் சில மாதமாயிற்று, இந்த வாரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குழாய்களைப் பெயர்த்தால் அந்த மட்டம் திரும்ப அமையாது. இன்று காலை நம் மகன் ரவுட்டரைப் பார்த்துவிட்டு, "பிட்டு மழுங்கிடுச்சிம்மா, மாத்திடலாம்" என்று ஸ்பேனரை எடுத்தான். "கைய வச்சே, கொன்னுடுவேன்!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனான். பிட்டைக் கழற்றினால் நீங்கள் பூட்டிவைத்த ஆழம் போய்விடுமே! உங்கள் பாதிக்கும் என் பாதிக்கும் நடுவில் படி விழுந்துவிடுமே!

நானே தள்ளினேன். எதிர்ப்பக்கம் அவன் பிடித்துக்கொண்டான். கணு வந்த இடத்தில் ரவுட்டர் உதறியது. கருகிய நாற்றம் எழுந்தது. "நிறுத்தும்மா!" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் மெல்ல நகர்த்தினேன். சட்டம் ஒரு நூல் தூக்கினாலும் போச்சு. பாவி மனுஷா, இப்படியா பாதியில் விட்டுவிட்டுப் போவீர்கள் என்று மனதுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டேதான் கடைசி முனைவரை போனேன்.

தூளைத் துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தேன். படி இல்லை. ஆனால் உங்கள் பாதி நிறம் ஏறிப் பழுத்திருந்தது, என் பாதி புது மஞ்சள். மகன் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க அதுவும் ஒரே நிறமாயிற்று. "சூப்பரும்மா, ஒரே மட்டம்!" என்று சிரித்தான்.

நான் தடவிக்கொண்டே இருந்தேன். "என்னம்மா தேடற?" என்றான்.

"அப்பா எந்த எடத்துல நிறுத்தினாருன்னு தெரியலடா" என்றேன். ஆஸ்பத்திரியில்கூட வராத அழுகை அப்போதுதான் வந்தது.