சாக்கெட் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு

கொண்டாப்பூர் வீட்டு ஹாலில் என் மகள் நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் போனால் "டச் நக்கோ, மம்மி!" என்று தொடவிடாமல் கத்துகிறாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது. இத்தனைக்கும் நீ ஒரு நாளும் நெயில் பாலிஷ் போட்டவள் இல்லை.

சனத்நகரில் எடை மெஷின் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் நாம் இருவரும் டெஸ்டிங்கில் இருந்தோம். புது மெஷினை நாங்களே டிசைன் செய்கிறோம் என்று முதலாளியிடம் போய்க் கேட்டவள் நீ. "திங்கக்கிழமை ஓட்டிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார். மெஷினின் சிப்புக்குள் புரோகிராமை ஏற்ற ஒரு கருவி வேண்டும்; கம்பெனியில் இல்லை. "வாங்குறது கைக்கு? நாமளே பண்ணிடலாம்" என்றாய். ஏ.எஸ்.ராவ் நகரிலேயே பிறந்து வளர்ந்த உன் தமிழில் இந்த ஊர் உருது கலந்து வரும்; 'எதுக்கு' என்பது 'கைக்கு' ஆகிவிடும். திருச்சியிலிருந்து வந்த எனக்கு அது பழகவே ஒரு மாதம் ஆயிற்று.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கருவி உருவானது. நாலைந்து டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், சிப்பைச் செருக ஒரு சாக்கெட், கம்ப்யூட்டரின் பிரின்டர் துளைக்கு ஒரு வயர். சர்க்யூட் முழுக்க உன்னுடையது. புரோகிராம் என்னுடையது. கையில் இருந்தவை இரண்டே சிப்.

சனிக்கிழமை மத்தியானம் நீ டீ போட உள்ளே போனாய். எனக்குப் பொறுக்கவில்லை. சிப்பைச் செருகி கரன்ட் கொடுத்துவிட்டேன். தலைகீழாகச் செருகியிருக்கிறேன்! பதறிப் பிடுங்கியதில் விரல் பொசுங்கியது. சிப்பைத் திருப்பிச் சரியாக வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல உட்கார்ந்தேன். நீ வந்து எத்தனை முறை முயன்றும் அதில் எதுவும் ஏறவில்லை.

"நீ ஏதாச்சும் தொட்டியாடீ?"

"இல்லையே."

வாய் கூசாமல் சொன்னேன். விரலில் எழுந்த கொப்புளத்துக்குப் பழியை டீ கிளாஸ் மேல் போட்டேன். நீ பற்பசை தடவிவிட்டாய்.

ஞாயிறு முழுக்க ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து மறுபடி சால்டர் செய்தாய். "என் கைதான் சரியில்ல" என்று உன்னையே திட்டிக்கொண்டாய். நான் பக்கத்தில் டார்ச் பிடித்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் டிசைன் வேலை உனக்கு மட்டும் போய்விடுமோ என்று பயம். சாயங்காலம் பேசாமல் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை இரண்டாவது சிப்பில் எல்லாம் ஏறியது, மெஷின் ஓடியது. "ஒரு சிப் போச்சாமே, எப்படி?" என்றார் முதலாளி. நான் வாயெடுக்கும் முன் நீ சொன்னாய்: "என் வயரிங் தப்பு சார்." அவர் டிசைனை எனக்குக் கொடுத்தார். உன்னை டெஸ்டிங்குக்கே அனுப்பினார்.

மறு வாரம் கருவி என் மேஜைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். சாக்கெட்டின் ஒரு மூலையில், சிப்பின் தலை வரவேண்டிய பக்கத்தில், நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. எதற்கு என்றேன். "சும்மா, அழகுக்கு" என்று சிரித்தாய். திங்கட்கிழமைக்குப் பிறகு எப்போதோ ஊகித்திருப்பாய் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அந்த வருஷமே நீ வேலையை விட்டாய். அப்புறம் கல்யாண வீடுகளில் பார்த்தோம், நன்றாகத்தான் பேசினோம். இந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

இப்போது இந்த நெடி. அந்தத் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கருவியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாய். இதே நெடி அடித்தது. "என்னடீ, முதலாளியைப் பார்க்க அலங்காரமா?" என்று கேலி செய்து உன் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகத்தில் ஒன்றும் இல்லை. "விடுடீ" என்று கையை இழுத்துக்கொண்டாய்.

ஆக, முதலாளி முன் நிற்கும்போதே அந்தப் பொட்டு இருந்திருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் "என் வயரிங் தப்பு" என்றாய்.

இன்றும் எந்த சாக்கெட்டைத் தொட்டாலும் என் விரல் முதலில் அந்த மூலையைத் தேடுகிறது. அன்று நீ கேட்டதற்குப் பதில் இது: தொட்டேன்டீ. நான்தான் தொட்டேன்.