ஓடக் கூடாத வாரம்

கொலராடோ

அன்புள்ள லொரேட்டாவுக்கு,

நான் நலம். உன் அம்மாவும் அவர் முதுகுவலியும் எப்படி இருக்கிறார்கள்?

நூறு மைல் மலை ஓட்டப் பந்தயத்துக்கு முந்தின வாரம் ஓடவே கூடாதாம், கால்களுக்கு ஓய்வாம். என்னால் உட்கார முடிந்தால்தானே? நேற்று குப்பை கொட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, பையும் கையுமாகக் கணவாய்வரை ஓடிவிட்டேன். இறங்கும்போது சறுக்கி, முட்டியில் சின்னதாக நாலு தையல், அவ்வளவுதான்.

அறைத்தோழன் கிளைட், "யோவ் வென்டெல், நம்மூர்க் குப்பைத்தொட்டி மலை உச்சியிலயா இருக்கு?" என்கிறான்.

கடைசி இருபது மைலுக்குத் துணையாக ஒருவர் கூடவே வரலாம். அப்படி யாரும் இல்லாவிட்டால் பந்தயமே வேண்டாம் என்கிறார் தையல் போட்ட டாக்டர். கிளைடை வேறொரு ஓட்டக்காரி தனக்குத் துணையாகப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் கம்பளிக் காலுறை வேண்டும். தபாலில் போடாமல் நீயே கொண்டுவாயேன். ஓட வேண்டாம், நடந்தால் போதும். அந்தக் கடைசி இருபது மைலில் நானும் நடந்துகொண்டுதான் இருப்பேன்.

கிளைட் வருகிறான், முடிக்கிறேன்.

உன்
வென்டெல்