புஷ்பராகத்தில் ஒரு கீறல்

அம்மா,

பால் மணக்கிறது. உங்கள் மோதிரத்தைப் பால் கிண்ணத்தில் போட்டுச் சாமிப்படத்தின் முன் வைத்துவிட்டு, இன்று கடலுக்குப் போகாமல் அப்பா படுத்திருக்கிறார். விடிந்தால் வியாழக்கிழமை. குருவுக்குரிய கல் இனி என் விரலில் இருக்க வேண்டுமாம். என் சுட்டுவிரலுக்கு அது பெரிது. திருகோணமலை டவுனில் நகை செய்யும் பத்தரிடம் கொடுத்துச் சிறிதாக்கப்போகிறார். பத்தர் கல்லைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடுவார். அந்தப் பயத்தில்தான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்து, கொப்பியின் கடைசித் தாளில் எழுதுகிறேன்.

போன வருடம் நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, சாதகம் பார்த்த சாத்திரியார் குருவின் கல்லைப் போடச் சொன்னாரென்று அப்பா படகின் எஞ்சினை விற்றார். கடற்கரைக்கு வந்த ஒரு வியாபாரியிடம் புஷ்பராகத்தை மோதிரமாகவே வாங்கி வந்தார். கல் தோலைத் தொட வேண்டுமென்று அடிப்பக்கம் திறந்திருந்தது. அதன்பின் இறக்கக்கண்டியில் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார்.

அந்தக் கல்லைப் பற்றிப் பள்ளி நூலகத்தில் வாசித்தேன். பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அலுமினியமும் ஒட்சிசனும் இறுகி உருவாகுமாம். சிறிது இரும்பு சேர்ந்தால் மஞ்சள் நிறம் வருமாம். மலை கரைந்து ஆற்றுச் சரளைக்குள் வந்து கிடக்குமாம். வைரத்துக்கு அடுத்த கடினம், இரும்பு அரத்தால்கூடக் கீற ஏலாது. அந்தப் பெருமையை உங்களுக்குக் காட்டத்தான் அப்பாவின் அரத்தை எடுத்து வந்து ஓரத்தில் இழுத்தேன்.

வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"அம்மா, இது கண்ணாடி," என்று அழுதேன்.

"நல்ல பகிடி. எஞ்சினை வித்துப் போத்தல் துண்டு வாங்கியிருக்கிறார் உன்ர கொப்பர்!" என்று இருமல் வரும்வரை சிரித்தீர்கள். பிறகு என் கையைப் பிடித்தீர்கள். "அவருக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. அந்த மனுசன் தாங்காது."

அன்று பின்னேரம் அப்பா கேட்டார்: "இண்டைக்கு எப்பிடி? கொஞ்சம் சுகமோ?"

"ஓம். கல்லுப் போட்ட பிறகு நல்ல நித்திரை," என்றீர்கள், பெருவிரலால் கீறலை மறைத்தபடி.

மூன்று கிழமையில் போய்விட்டீர்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "கடைசியிலை நோவில்லாமல் நித்திரை கொண்டவ. அந்தக் கல்லாலைதான்," என்றார். இரவில் அவர் கடலில் இருப்பார். நீங்கள் விடியும்வரை முனகியது எனக்கு மட்டும் தெரியும்.

மோதிரத்தை எடுத்துத் துடைத்து, வளையத்தில் மஞ்சள் நூலைச் சுற்றிவிட்டேன். போட்டுப் பார்த்தேன், கழலவில்லை. விடிந்ததும் அப்பாவிடம், "நூல் சுத்திப்போட்டன் அப்பா, இப்ப அளவு சரி. பத்தரிட்டைப் போகத் தேவையில்லை," என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது உங்களைப்போல அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நாலைந்து தரம் சிரித்துப் பார்த்துவிட்டேன் அம்மா. இன்னும் வாய் நடுங்குகிறது.