மதிலில் முட்டி நிற்கும் கண்டல் காய்கள்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணா,

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டுமென்று உங்கள் மகள் மதுரா கேட்டாள். மற்றப் பக்கங்களில் உங்களைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். வாசித்தேன், பிழையொன்றும் இல்லை. நான் ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். சாம்பல்தீவுக் களப்பின் உப்புத் தண்ணீரில் நீங்கள் நட்ட கண்டல் காடு இப்போது இல்லை.

மதுரா கனடாவிலிருந்து வந்திருக்கிறாள். விமான ரிக்கற் எடுக்கும்போது கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால், விமானம் விடும் புகைக்கு ஈடாக உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் மரம் நடுவார்களாம். கட்டியிருக்கிறாள். நடும் இடத்தின் படம் அவளுடைய கைபேசிக்கு வந்தது. பார்த்தால் நம்முடைய களப்பு. "அப்பா நட்ட இடத்திலயே என்ர மரமும், சித்தப்பா" என்று சொல்லி அழுதாள். உங்கள் பெயரில் ஒரு பலகை எழுதுவித்தாள். திவசத்தன்று அதை அங்கே நாட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. போன கிழமை பலகையையும் ஓட்டோவில் ஏற்றி, இடம் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே மரம் இருக்காது என்று வழியில் நான் அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒருதரம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

கன்று நடும் விழா நடந்த அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருந்ததோ தெரியாது. எனக்கு இருக்கிறது. என்னிடம் தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் முழங்கால் சேற்றில் கயிறு பிடித்து, வரிசை பிசகாமல் கண்டல் கன்றுகளை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர்கள் கரையில் நின்று படம் எடுத்தார்கள். நான் உங்களைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்ணா, இது எப்பவும் தண்ணி நிக்கிற சேறு. கண்டலுக்குத் தண்ணி ஏறவும் வேணும், வத்தவும் வேணும். இதில நட்டா மூச்சு முட்டிப் பட்டுப்போம்."

"கரையில நட்டா ஆரோ ஒருத்தரின்ர உறுதி எழுதின காணிக்குள்ள போகும். சேத்துக்குச் சொந்தக்காரன் இல்லை. ஆர் வந்து வழக்குப் பேசப்போறது?"

காணிக் கந்தோரில் வேலை பார்த்தவருடைய பதில். அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "உங்கட சேர் எதைக் கண்டாலும் பட்டுப்போம் எண்டுதான் சொல்லுவார். நீங்கள் நடுங்கோ" என்றீர்கள். நீங்கள் சிரித்தீர்கள். என் மாணவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நல்லநாள் பெருநாளுக்கு மட்டும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போனேன்.

நாங்கள் போனபோது களப்பில் மீன் பிடிக்கும் சிவலிங்கம் வீச்சுவலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றான்.

"என்ன சேர், இந்த முறை நீங்களோ நடுறது?"

"இல்லை. பலகை போட இடம் பாக்க வந்தனாங்கள்."

"போடுங்கோ, போடுங்கோ. பலகை எண்டா பட்டுப்போகாது."

"ஐயா, அப்பா நட்ட மரமெல்லாம் எங்க?" என்று மதுரா கேட்டாள்.

"இந்தத் தண்ணிக்குள்ளதான் பிள்ளை. வருசா வருசம் ஆரும் வந்து நடுவினம். பிறகு பட்டுப்போம். வலையில சிக்கிற குச்சியை நான் அடுப்புக்குக் கொண்டுபோவன். இது நடுறதுக்கெண்டு இருக்கிற இடம். வளர்றதுக்கில்லை." வலையை உதறிக்கொண்டு, "உன்ர அப்பா பிறகும் வாறவர். பின்னேரத்தில தனிய. அதில நிண்டு பாத்திட்டு, ஒண்டும் கதையாமப் போவார்" என்றான்.

மதுரா பறந்து வந்த புகைக்கு ஈடாக ஊன்றும் குச்சி சிவலிங்கத்தின் அடுப்பில் எரிந்து, அதன் புகையும் மேலே போய்ச் சேரும். அடுத்த வருடம் அதே சேறு இன்னொருவருடைய புகைக்கு ஈடாகும். நடும் நாளில் மட்டும் எண்ணினால் எந்த மரம்தான் சாகும்?

"அப்பாவுக்குத் தெரியுமோ, சித்தப்பா?"

இந்தக் கேள்விக்காக நான் எவ்வளவோ காலம் காத்திருந்தவன். "ஓம். நான் சொன்னனான்" என்றேன். எதிர்பார்த்த சுகம் வரவில்லை. நீங்கள் தனியே வந்து நின்ற பின்னேரங்கள் குறுக்கே வந்தன. அங்கே நின்று என்ன பார்த்தீர்கள்? என் வீடு சைக்கிள் மிதிக்கும் தூரம்தானே. ஏன் வரவில்லை?

மதுரா பலகையை ஓட்டோவில் திரும்ப ஏற்றினாள். நம்மைப் பெற்ற ஐயா உங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த களப்போர வளவுக்கு வந்தோம். அதையும் நான் மறக்கவில்லை. அங்கே நின்ற கண்டலை வெட்டி, மண் போட்டு நிரவி, தண்ணீர் ஏறாமல் நீங்கள் கட்டிய பின்மதில் அப்படியே நிற்கிறது. எங்கோ தப்பி நிற்கும் கண்டல்களின் நீளக் காய்கள் மிதந்து வந்து, அதன் வெளிப்பக்கத்தில் முட்டிக்கொண்டு கிடந்தன. சில அந்த மதிலடியிலேயே இலை விட்டிருந்தன.

மதுரா மதிலில் சாய்ந்து அவற்றை எட்டிப் பார்த்தாள்.

"இந்த மதிலை உடைச்சு, போட்ட மண்ணையும் எடுத்தா?"

"தண்ணி வரும். வத்தும். திரும்ப வரும்."

"பிறகு நடவேணுமோ?"

"தேவையில்லை. காய் தானா வந்து முளைக்கும். வழி விட்டாக் காணும்."

"அப்ப உடைப்பம். இது எங்கட உறுதிக் காணிதானே, ஆர் வந்து வழக்குப் பேசப்போறது?" அவள் அறியாமலே உங்களைப் போலத்தான் கதைத்தாள். "ஆனா நான் போயிடுவன். நீங்கள்தான் பாக்கவேணும்."

அவள் திரும்பிப் பறக்கும் புகைக்கு இந்தத் துண்டு நிலம் ஈடாகாது. அதை அவளிடம் சொல்லிவிட்டேன். ஈடு கேட்கவில்லை என்றாள்.

மாரிக்கு முன் மதிலை உடைப்பித்து, மண்ணையும் எடுப்பிப்பேன், அண்ணா. ஒரு கன்றும் ஊன்ற மாட்டேன், ஒரு படமும் எடுக்க மாட்டேன். பலகை உங்கள் அலுமாரிக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. ஒரு கண்டலாவது அந்தப் பலகையைவிட உயரமாக வளர்ந்து நின்றால், அன்றைக்கு நானே அதைக் கொண்டுபோய் நாட்டுவேன். அதற்கு முதல் ஒருவரையும் தொட விடமாட்டேன். பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் சிரித்ததை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் பின்னேரங்களில் அந்த வளவுக்கு வந்து, ஒன்றும் கதையாமல், நின்று பார்த்துவிட்டுப் போவேன்.

எதைக் கண்டாலும் பட்டுப்போகும் என்று சொல்லும்
உங்கள் தம்பி