என் மனைவியைப் பிடித்தது நீயல்ல, அக்கா

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

ஊரில் உன்மேல் ஒரு பழி சொல்கிறார்கள். மீனாட்சியைப் பிடித்திருப்பது நீதானாம். என் மனைவியை நீ பார்த்ததுகூட இல்லை. என் கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பே நீ போய்விட்டாய். ஆனால் பிள்ளை பெற்றவள் கிணற்றில் விழுந்து செத்தால், அந்தக் குடும்பத்தில் அடுத்துப் பிள்ளை பெறுகிறவளைத் தேடி வருவாள் என்று இவர்கள் நம்புகிறார்கள். மீனாட்சியிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். "எழுதுங்க. ஊரு பேரு மட்டும் போட்டுறாதீங்க" என்றாள். படிக்கிறவர்களுக்குக் குளத்தூர்ப் பக்கம் ஓர் ஊர் என்பது போதும்.

பெண் குழந்தை, அக்கா. தாய் வீட்டில்தான் பிரசவம். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். பெற்றவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. கரிப்புகையில் முக்கி முக்கி ஓடுகிற பஸ்ஸில் போய் இறங்கினேன். மீனாட்சி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. பிள்ளை அழுதால் பால் கொடுப்பாள். கொடுத்தவுடன் பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களிடம் நீட்டிவிடுவாள்.

என் மாமியார் கெட்டவள் இல்லை, பயந்தவள்.

"மாப்பிள்ளை, புள்ள பெத்த வீட்டுல ஆம்பள ஒக்காந்திருந்தா ஊரு சிரிக்கும். நீங்க டவுனுக்குப் போங்க. வெள்ளிக்கெழம கோடாங்கி வாராரு. வேப்பங்கொப்புல நாலு அடி விழுந்தா எறங்கிரும்."

"எது எறங்கும், அத்தை?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க அக்காதான். வேற யாரு?"

இறங்கிவிடும் என்றுதான் நீ பிள்ளை பெற்றிருந்தபோது உனக்கும் சொன்னார்கள். உன் மாமியார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் உன்னைக் கட்டிப்போட்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு கோடாங்கி உடுக்கை அடித்து, "நீ யாரு, சொல்லு" என்று அதட்டினான். அவன் கேட்டது பேயை. உன்னை யாராவது கேட்டார்களா? அத்தான் கேட்டாரா? நம் அப்பா கேட்டாரா? இறங்கிவிட்டது என்று கட்டை அவிழ்த்தார்கள். மறுநாள் உன்னைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். கூலிக்குச் சேவல் வாங்கிக்கொண்டு போனவனை யாரும் தேடவில்லை. அத்தானுக்கு வேறு பெண் கட்டினார்கள். உன் பையன் அவளைத்தான் ஆத்தா என்று கூப்பிடுகிறான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

நான் மீனாட்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒனக்கு என்ன புள்ள செய்யுது?" என்று கேட்டேன். சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"புள்ளையத் தூக்குனா கெணத்துக்குக் கொண்டு போகணும் போல வருதுங்க. எனக்கு வேணாம். ஆனா வருது. அதான் யாருகிட்டயாச்சும் குடுத்துர்றேன்."

பிள்ளையைப் பிடிக்காதவள் என்று வீடே பேசிக்கொண்டிருந்தது, அக்கா. அவளோ பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அத்தை அழுதுகொண்டே பிள்ளையோடு ஏறிக்கொண்டாள். லேடி டாக்டர் கறாரானவர். "பிரசவத்துக்கப்புறம் சில பேருக்கு இப்படி வரும். தூங்க மருந்து தர்றேன். தனியா விடாதீங்க. இப்படிச் சொன்னாளேன்னு அவளத் திட்டாதீங்க" என்றார். எப்போது குணமாகும் என்று கேட்டேன். "மெதுவா ஆகும். தேதி கேக்காதீங்க."

அங்கிருந்து நேராக டவுனில் நான் குடியிருக்கும் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். கோடாங்கி சொன்ன நாளில் வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினானாம்.

பகலில் நான் பஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போனால் அத்தை பிள்ளையோடும் மகளோடும் இருக்கிறாள். தெருக்கிணற்றுக்கு மீனாட்சியை அனுப்புவதில்லை. தண்ணீர் நான்தான் எடுக்கிறேன். முதல் நாள் குடத்தோடு போனபோது கிணற்றடியில் பேச்சு நின்றது. பிறகு ஒருத்தி, "ஏண்ணே, நாளைக்கு மஞ்சத் தேச்சுக் குளிச்சுட்டு வாங்க, லெச்சணமா இருக்கும்" என்றாள். கம்பெனியில் ஒரு டிரைவர், "ஒங்க வீட்டுல யாருய்யா புருஷன்?" என்று கேட்டான். "நாங்க முறை வச்சுப் பாத்துக்கிறோம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பெண்டாட்டியை அடிக்கிறவனைப் பார்த்து இந்தத் தெருவில் யாரும் சிரிப்பதில்லை. குடம் தூக்குகிறவனைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. இதில் யாருக்கு மனக்கோளாறு, சொல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். தூக்கம் வருகிறது, சாப்பிடுகிறாள். போன வாரம் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சலிப்பு உண்டு. அன்று குடத்தை நங்கென்று வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "இன்னைக்கும் அது வந்துச்சுங்க" என்றாள். வந்ததைச் சொன்னாளே, அதுதான் முக்கியம். பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டு அவளோடு உட்கார்ந்தேன். சாயங்காலம் கொஞ்சம் தெளிந்தாள்.

குழந்தைக்கு உன் பெயரை வைக்க எனக்கு ஆசை. அத்தை நடுங்கிவிட்டாள். நான் அத்தையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது மீனாட்சி குறுக்கே பேசினாள்.

"வேணாங்க. அவுக பேரு அவுககிட்டயே இருக்கட்டும். பாவம், இருந்தப்பதான் அவுகளுக்குன்னு யாரும் எதையும் விட்டு வைக்கல. இவளுக்கு நான் வேற பேரு நெனச்சு வச்சிருக்கேன்."

என்ன பெயர் என்று கேட்டேன். பிள்ளையை மடியில் சரித்துக்கொண்டு, "பேரு வைக்கிற அன்னைக்குச் சொல்றேன்" என்றாள். வரப்போகிற ஒரு நாளைப் பற்றி அவள் பேசி வெகுநாளாயிற்று. நான் சண்டையை விட்டுவிட்டேன்.

உன்னைப் பேய் என்கிற எவனுக்கும், என் அக்கா நோயில் செத்தாள், கேட்பாரில்லாமல் செத்தாள் என்று பதில் சொல்வேன். என் மகளுக்கும் ஒரு நாள் பிரசவம் வரும். யார் சிரித்தாலும் சரி, அன்று நான் வாசலில் நிற்கமாட்டேன். உள்ளே போய், என்னம்மா செய்கிறது என்று கேட்பேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தம்பி,
சின்னையா