செருப்புக் காவல்

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்பும்போது செருப்பு அலமாரிக்குப் பின்னால் அந்தத் துணிப்பை கிடைத்தது. பிரித்ததும் உன் தைல வாசம். நீ போய் மாதங்கள் ஆகியும் பையில் மட்டும் அப்படியே இருந்தாய். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கணவர் விட்டுப் போனபின் கைக்குழந்தையோடு நின்ற எனக்கு உன் ஃபிளாட்டில் ஓர் அறை கொடுத்தாய். பள்ளித் தோழிக்கு ஒரு மாதம் இடம் என்றுதான் பேச்சு. அந்த ஒரு மாதம் என் மகள் கல்லூரிக்குப் போகும்வரை நீண்டது. நான் புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்கு ஓடினேன். நீ டியூஷன் நிலையத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குச் சமூகவியல் சொல்லிக்கொடுத்தாய். மகள் உன்னைப் பெரிம்மா என்று கூப்பிட்டாள்.

வெங்காயம் உரித்தபடி பாடத்தை என்னிடம்தான் ஒத்திகை பார்ப்பாய். சமுதாயம் ஓர் உடம்பு, குடும்பம் அதில் ஓர் உறுப்பு. பிள்ளையை வளர்ப்பது, நல்லது கெட்டது சொல்லித் தருவது, உழைத்துக் களைத்து வருபவரைத் தேற்றுவது அதன் வேலை என்பாய். புத்தகத்தில் ஒரு படம் இருந்தது: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்.

"இதுல நம்ம எங்கடி இருக்கோம்?" என்று கேட்டேன்.

"படத்த விடுலா. வேல நடக்குதா, அதப் பாரு. நடந்தா குடும்பந்தான்" என்றாய்.

பூசத்தன்று நாங்கள் மலையேறுவோம். நீ அடிவாரத்தில், எங்கள் செருப்புகளை அந்தத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாய். முஸ்லிம் பெண்ணான உன் முக்காட்டைப் பார்த்துத் தண்ணீர்ப் பந்தல்காரர் ஒருவர், "யாருக்குக் காத்திருக்கீங்க அக்கா?" என்று கேட்டாராம். "என் குடும்பத்துக்குண்ணே. எனக்குச் செருப்புக் காவல் வேல" என்றாயாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

உன்னை அடக்கம் செய்த நாளில் உன் உறவுப் பெண்கள் உள்ளே உன்னைக் குளிப்பாட்டினார்கள். நானும் மகளும் வெளியே நின்றோம். "இவங்க யாரு?" என்று யாரோ கேட்க, "ஹவுஸ்மேட்லா" என்றார் உன் அண்ணன். பொய்யில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் உனக்கு ஊட்டிவிட்ட கை இது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பிறகு அவரே தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"கடைசியா என்னம்மா சாப்பிடக் கேட்டா?"

"லக்சா கேட்டாண்ணே. ரெண்டு வாய்தான் எறங்குச்சு."

அவர் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

இந்த முறை அடிவாரத்தில் மகள், "நான் பெரிம்மா எடத்துல ஒக்காந்துக்கிறேன், நீங்க ஏறுங்கம்மா" என்றாள். வேண்டாம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். போனால் போகட்டும் என்று செருப்புகளைப் பந்தலோரம் குவியலில் விட்டோம். இறங்கி வந்தபோது இரண்டு ஜோடியும் விட்ட இடத்திலேயே கிடந்தன. யாரும் தொடக்கூட இல்லை.

அதைப் பார்த்துத்தான் மகள் உடைந்து அழுதாள். இத்தனை வருடமும் எங்கள் செருப்புக்குக் காவலே தேவைப்படவில்லையடி. இறங்கி வரும்போது நீ அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. கொண்டுபோன வெறும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.