கத்தரிக்காய் மேல பழி

என்னங்க,

சிவகிரிக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் வந்துருவேன்.

சோறு வடிச்சிருக்கு. குழம்பு கத்தரிக்காய்தான். நேத்து உங்க தங்கச்சி முன்னால, "இவ கத்தரிக்காயா வச்சுத்தான் எனக்கு இடுப்பெல்லாம் அரிக்கி"ன்னு சொன்னீயல்லா, அதுக்குத்தான்.

மருந்து ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. அரிப்பு நின்ன மறுநாளே டியூப்பத் தூக்கி எறிஞ்சிருதீய. அது திரும்ப வந்தா பழி என் குழம்பு மேல. டாக்டர் சொன்ன நாள் முழுக்கப் போடுங்க. தறியில வேர்த்து ஊறுன அந்த அரைஞாண்கயித்தையும் அவுத்து எறிங்க.

மத்தியானம் தங்கச்சி வந்தா மோர் மட்டும் குடுத்துராதீங்க. மோர் கடையுற மத்த வச்சு முதுகு சொறிஞ்சிருக்கீய. இல்லைன்னு சொல்லாதீங்க, உங்க பவுடர் அதுல ஒட்டியிருக்கு.

கோமு

பி.கு: என் துண்டு உங்களுக்கு எதுக்குன்னு எத்தன மட்டம் கேட்டேன்? இப்ப எனக்கும் முதுகுல அரிக்கி. நான் கத்தரிக்காய வாயில வைக்க மாட்டேன்னு ஊருக்கே தெரியும். இப்ப யார் மேல பழி போடுவீய?

இன்னொண்ணு: அந்த இடம் எனக்குக் கை எட்டல. சாயங்காலம் கையக் கழுவிட்டு ரெடியா இருங்க, நீங்கதான் மருந்து போட்டுவிடணும். மத்தோட வந்தீயன்னா தெரியும் சேதி.